கல்லோடு நடந்த தீவு

கல் கடலுக்குள் இருப்பதாக இயந்திரம் சொன்னது. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்த கல்லுக்காரருக்கு உட்கார்ந்த இடம் சில்லென்று ஆனது. எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஈரம் இல்லை. கல்லையும் தடவிப் பார்த்தார். அடுப்பில் மறந்துபோய் வைத்த இரும்புச்சட்டி மாதிரி சுட்டது.

“மறுபடி ஒருதடவை பாருங்கம்மா. படகுல வந்தது அதுக்கும் ஒத்துக்காம இருக்கும்,” என்றார்.

நிலம் அளக்க வந்த சர்வேயரம்மா மறுபடி பார்த்தார். மூன்று கால்களின் மேல் வெள்ளைக் காளான் மாதிரி உட்கார்ந்திருந்த அந்த இயந்திரம், வானத்தில் சுற்றும் பதினாறு செயற்கைக்கோள்களிடம் ஒரே நேரத்தில் பேசக்கூடியது என்று காலையில் படகை விட்டு இறங்கியதுமே அவர் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தாற்போலப் பேசினாலே கல்லுக்காரருக்குத் தலை சுற்றும். பதினாறு பேர் சொல்வதைக் கேட்டு ஒன்று ஒரு முடிவுக்கு வருகிறதென்றால், அது தெய்வப்பிறவியாக இருக்க வேண்டும், இல்லை புளுக வேண்டும்.

“அதையேதான் சொல்லுது ஐயா. இந்தக் கல்லு எங்க இருக்குன்னு பழைய ரெக்கார்டுல எண் போட்டு எழுதி வச்சிருக்காங்க. அந்த எண்ணை இதுல கொடுத்தா, இன்னும் இருநூத்தி நாப்பது மீட்டர் மேக்க போங்குது.”

இருவரும் மேற்கே பார்த்தார்கள். அறுபது தப்படியில் மணல் தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் கடல். இயந்திரம் சொன்ன இடம் இதுதான் என்பதுபோல, தூரத்தில் ஒரு கடற்பறவை அலைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இங்கே நாய் கிடக்கட்டும், கல்லே இரண்டாகிவிட்டது. ஒன்று காலடியில், ஒன்று கடலடியில்.

கல்லுக்காரர் கடல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏனென்றால் இயந்திரம் புளுகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தத் தீவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கிழக்கு மேற்காகப் படுத்துக் கிடக்கிற கருவாட்டின் வடிவம். தலையிலிருந்து வால்வரை ஆயிரத்து இருநூறு தப்படி. அகலம், சாப்பிட்டுவிட்டு நடந்தால் ஏப்பம் வருவதற்குள் தீர்ந்துவிடும். வடகோடியில் ஒருவர் தும்மினால் தென்கோடியில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மலை இல்லை, பாறை இல்லை. ஒரு காலத்தில் ஒரே ஒரு மரம் இருந்து, ஒரு சூறைக்காற்றில் அது கிளம்பிப் போய் எதிர்க்கரையில் நின்றுகொண்டதாகவும், அங்கே இன்னும் காய்ப்பதாகவும் சொல்வார்கள். நான்கு வீடுகள், பதினோரு மனிதர்கள். ஒரு கிணறு. கரையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை படகு. அந்தப் படகை ஓட்டுவது கல்லுக்காரரின் மனைவியுடைய தம்பி. ஊரில் அவனுக்குப் பெயர் ரேடியோ. ரேடியோவையாவது திருகி அணைக்கலாம்.

மலையும் மரமும் இல்லாத இடத்தில் நிலத்துக்கு எல்லை சொல்வது எப்படி? அறுபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் குடையும் பித்தளைத் தொலைநோக்கியுமாக வந்திறங்கிய முதல் அதிகாரி, வாந்தியெடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் இதை யோசித்து, கரையிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவரச் செய்து நட்டார். எல்லாப் பத்திரங்களையும் அந்தக் கல்லிலிருந்தே எழுதினார். ‘கல்லிலிருந்து தெற்கே நாற்பது தப்படி, அங்கிருந்து கிழக்கே பதினைந்து தப்படி’ என்று தொடங்கும் பத்திரம் கல்லுக்காரருடையது. கல்லைக் காக்க ஒரு ஆளையும் அவரே நியமித்தார். அது கல்லுக்காரரின் மாமனார். பெண்ணையும் கொடுத்து, கல்லையும் தலையில் கட்டியவர்.

அந்தத் தீவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது ஒரு இடத்தில் இருக்காது. மேற்குப் பக்கத்து மணலைக் கடல் வருடாவருடம் அரித்துக்கொண்டு போகும். போன மணல் சுற்றிக்கொண்டு வந்து கிழக்குப் பக்கம் படியும். மேற்கே கழற்றிய சட்டையைக் கிழக்கே மாட்டிக்கொள்கிற சாமர்த்தியம். முதல்முறை கடல் வாசல்வரை வந்தபோது தீவே கூடி மூன்று நாள் பேசியது. வீடுகள் பலகை வீடுகள், பிரித்துக் கிழக்கே நகர்த்தலாம். ஆனால் பத்திரம்? நகர்த்திய வீடு பத்திரத்தில் எழுதிய இடத்தில் இருக்காதே. மூன்றாம் நாள் மாமனார்தான் சொன்னாராம்: “பத்திரத்துல கடல் எங்க இருக்குன்னா போட்டிருக்கு? கல்லுல இருந்து இத்தனை தப்படின்னுதானே போட்டிருக்கு. அப்ப கல்லை எண்பது தப்படி தள்ளி வைங்கடா. அப்புறம் வீட்டை எண்பது தப்படி தள்ளி வைங்க. ஒரு எழுத்து மாறாது.”

அப்படியே செய்தார்கள். சட்டத்தை மீறுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டத்தை இப்படித் தோளில் தூக்கிச் சுமந்தவர்கள் உலகத்தில் வேறு யார்? இரண்டாம்முறை நூற்றுப் பத்து தப்படி. கல் முன்னால் போகும், வீடுகள் பின்னால் போகும், கடைசியாக ஆடுகள். முடிந்ததும் ஒவ்வொருவரும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லிலிருந்து நடந்து பார்ப்பார்கள். சரியாகத் தங்கள் வாசலில் போய் நிற்பார்கள். கண்ணீர்விட்டவர்களும் உண்டு.

மூன்றாம்முறை நகர்த்தியது ஒன்பது வருடம் முன்பு, கல்லுக்காரரின் தலைமையில். அதில்தான் கோளாறு. கல்லை நூற்று இருபது தப்படி தள்ளுவதாகப் பேச்சு. கல்லுக்காரர் எண்ணிக்கொண்டே நடந்தார். கூடவே ரேடியோ, தன் படகை ஒரு திமிங்கலம் முதுகில் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். திமிங்கலம் தண்ணீருக்குள் போன இடத்தில் கல்லுக்காரர் தொண்ணூறில் இருந்தார். வெளியே வந்த இடத்தில் தொண்ணூறிலேயே இருந்த மாதிரியும், நூறு ஆகிவிட்ட மாதிரியும் இருந்தது. குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நூற்று இருபதில் நின்று, “இங்க நடுங்க” என்றார். வீடுகளை மற்றவர்கள் ஒழுங்காக எண்ணி நூற்று இருபதில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சில் முள். கல் நூற்று முப்பதில் நிற்கிறதென்றால், பத்திரப்படி அவருடைய நிலம் கிழக்கே பத்து தப்படி தள்ளிப் போயிருக்கும். அவருடைய அடுப்படி அடுத்தவன் நிலத்தில் இருக்கும். அடுத்தவன் யார் என்றால், ரேடியோ. கல்லைத் தொட்டு நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதனாலேயே ஒன்பது வருடமாக அவர் நடந்து பார்க்கவில்லை. மற்றவர்கள், கல்லுக்காரரே எண்ணியதாயிற்றே என்று நடந்து பார்க்கவில்லை.

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். உதவிக்கு வந்த ஆளுக்குப் படகிலேயே குடல் வெளியே வந்துவிட்டதால் அவர் படகை விட்டே இறங்காமல் கண்ணை மூடிப் படுத்திருக்க, இவர் தனியாக எல்லாப் பெட்டியையும் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

“இதுல நீங்க கையெழுத்துப் போடணும் ஐயா. கல்லைக் காக்கிறவர்ங்கிற முறையில. ‘நட்ட நாள் முதல் இந்தக் கல் நகர்த்தப்படவில்லை’ன்னு.”

“போட்டா?”

“மெஷின் ஏதோ தப்பா காட்டுதுன்னு எழுதிட்டு, கல்லு இருக்கிற இடத்தையே சரின்னு வச்சுக்குவேன். பத்திரம் எல்லாம் செல்லும். அடுத்த மாசம் ஆள் வந்து கல்லைச் சுத்தி ஆளுயரத்துக்குக் கான்கிரீட் போட்டுடுவாங்க. அப்புறம் யாராலயும் அசைக்க முடியாது.”

“போடலன்னா?”

சர்வேயரம்மா கொஞ்சம் தயங்கினார். “போடலன்னா, பத்திரத்துல இருக்கிற நிலம் கடலுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். இப்ப நீங்க இருக்கிறது புதுசா உண்டான மணல். புது மணல் அரசாங்கத்தோடது. உங்களுக்கெல்லாம் கரையில வீடு ஒதுக்குவாங்க. மூணாவது மாடியில இடம் இருக்கிறதா சொன்னாங்க.”

கல்லுக்காரர் வாழ்க்கையில் ஏறியதிலேயே உயரமானது ஒரு முக்காலி. அதிலிருந்தும் விழுந்திருக்கிறார்.

“நாலு மணிக்குள்ள சொல்லுங்க. தண்ணி ஏறிட்டா படகைத் தள்ளிடணும்னு உங்க மச்சினர் சொல்றாரு,” என்றார் சர்வேயரம்மா.

கல்லுக்காரர் வீட்டுக்குப் போனார். தீவில் செய்தி, சொல்கிற ஆளைவிட வேகமாகப் போகும். அவர் மனைவி ஏற்கனவே அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ பலகைச் சுவரில் சாய்ந்து நின்றான். தீவில் மீன் பிடிக்கிற வலைக்காரரும் வந்திருந்தார். அவர் பேசுவது ‘ம்’ ஒன்றுதான். அதிலேயே ஏழு அர்த்தம் வைத்திருந்தார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்? போட்டுத் தள்ளுங்க,” என்றான் ரேடியோ. “மெஷினுக்குப் பைத்தியம். என் படகுல ஏறுனப்பவே அது ஒரு மாதிரியா சத்தம் போட்டுச்சு.”

“படகுல ஏறுனா யாருக்குத்தான் சத்தம் வராது. நீ ஓட்டுற லட்சணம் அப்படி,” என்றாள் அக்கா. பிறகு கணவரைப் பார்த்து, “ஏங்க, கான்கிரீட்டுன்னாளாமே?”

“ஆமா.”

“கல்லு நகராதா?”

“நகராது.”

“கடலு?”

கல்லுக்காரர் மேற்கே பார்த்தார். கல்லுக்கும் கடலுக்கும் நடுவே அறுபது தப்படி. வருடத்துக்கு ஏழெட்டுத் தப்படி போகிறது. போன மழைக்காலத்தில் மட்டும் பதினைந்து. இன்னும் சில வருடத்தில் நான்காம்முறை நகர்த்தியாக வேண்டும். கல்லைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். கடல் வந்து அதை விழுங்கும். கூடவே நாற்பது தப்படி, பதினைந்து தப்படி எல்லாம் போகும். கையெழுத்துப் போட்டால் நிலம் மெதுவாக மூழ்கும்; போடாவிட்டால் நாளைக்கே மூழ்கும். இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளிக்கு நடுவே எறும்பு நிற்குமே, அந்த எறும்புக்காவது ஊர்வதற்கு ஆறு கால் உண்டு.

“அப்ப போடாதீங்க,” என்றாள்.

“போடலன்னா மூணாவது மாடி.”

“அப்ப போடுங்க.”

“போட்டா கான்கிரீட்டு.”

“ம்,” என்றார் வலைக்காரர்.

“எலி வளையானாலும் தனி வளை வேணும்னு எங்கப்பா சொல்வாரு. நமக்கு வளையும் இல்ல போல, எலியும் இல்ல போல,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போய், பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்து விரித்துவைத்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராதவள். ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, ஏதாவது ஒரு வரி தன்னைப் பார்த்துக் கண்ணடிக்காதா என்பதுபோல் உற்றுப் பார்த்தாள். அந்தத் தாளில் இருப்பது அவளுடைய அப்பாவின் கைநாட்டு. அவள் பிறந்தது, கல்யாணம் ஆனது, பெற்றது எல்லாம் அந்தத் தாளில் எழுதிய நாற்பதுக்குப் பதினைந்தில்தான். அந்த நாற்பதுக்குப் பதினைந்து நான்கு வெவ்வேறு இடங்களில் இருந்தது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கல்லுக்காரர் கிளம்பினார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தீவில் எங்கே போனாலும் கல்லுக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தார். சர்வேயரம்மா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

கையெழுத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தார். போடுகிறேன் என்று சொல்வதாகப் பாதி வழியில் முடிவு செய்திருந்தார். ஆனால் அவருடைய மூளை, முக்கியமான வேலைக்கு அனுப்பினால் வழியில் கோலி விளையாட நின்றுவிடுகிற ரகம். இருநூற்று நாற்பது மீட்டர். இதுவரை அந்தக் கல் நகர்ந்த மொத்தத் தூரம் ஒரு தப்புத்தவறு இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒன்பது வருடமாகத் தூங்கவிடாத முள்ளுக்கு மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

“ஏம்மா, ஒரு மீட்டருக்கு எத்தனை தப்படி இருக்கும்?”

“அது அவங்கவங்க காலைப் பொறுத்தது ஐயா.”

“என் கால்னு வச்சுக்குங்க.”

சர்வேயரம்மா ரொட்டியைக் கீழே வைத்தார். அளப்பவர்களுக்கு அளக்கச் சொன்னால் பசி மறந்துபோகும். அவரை நடக்கச் சொல்லி, நாடாவைப் பிடித்து, பத்துத் தப்படிக்கு ஏழரை மீட்டர் என்றார். “அப்ப இருநூத்தி நாப்பது மீட்டர்னா முன்னூத்தி இருபது தப்படி.”

கல்லுக்காரர் விரலை மடக்கினார். எண்பதும் நூற்றுப் பத்தும் நூற்றுத் தொண்ணூறு. முன்னூற்று இருபதில் நூற்றுத் தொண்ணூறு போனால்.

“நூத்தி முப்பது,” என்றார். முகம் சுண்டிப் போயிற்று. “நான் அப்பவே நெனச்சேன். அந்தத் திமிங்கலம்.”

“எந்தத் திமிங்கலம்?”

“நூத்தி இருபதுலதான் நட்டிருக்கணும். பத்து கூடிப்போச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பதினோரு பேர் சேர்ந்து இத்தனை வருடம் ஒரு முழுத் தீவையே மறைத்து வைத்திருந்தார்கள். அதைப் பத்துத் தப்படிக்காக அவர் வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

சர்வேயரம்மா நாடாவைச் சுருட்டினார். கல்லைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றார்.

கல்லுக்காரர் முதலிலிருந்து சொன்னார். நடுவிலிருந்தும் சொன்னார். மாமனாரின் மூன்றாம் நாள் பேச்சு, கல்லைத் தூக்கின ஆறு பேர், ஆடுகள், பத்திரத்தோடு நடந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்கச் சர்வேயரம்மாவின் முகத்தில் வந்தது கோபமா சிரிப்பா என்று கல்லுக்காரருக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்கே புரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

“அப்ப நீங்க ஏமாத்தல,” என்றார் கடைசியில்.

“ஏமாத்தவா? ஒரு எழுத்து பிசகாம பத்திரத்தைக் காப்பாத்தியிருக்கோம். பத்து தப்படி பிசகு மட்டும் என்னோடது. அதை எழுதிக்குங்க.”

“இதை நான் எங்க எழுதுறது? இதுக்குக் கட்டமே இல்லையே.” அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆத்தங்கரை நிலத்துக்கு ஒரு விதி இருக்கு ஐயா. ஆறு மெதுவா ஒதுங்கி, நிலம் ஒரு பக்கம் தேஞ்சு ஒரு பக்கம் வளர்ந்தா, வளர்ந்ததும் அதே ஆளோடதுதான். கடலுக்கு அப்படி யாரும் கேட்டதில்ல. தீவே ஒதுங்கினதுக்கு சுத்தமா கேட்டதில்ல.”

“நீங்க கேளுங்களேன்.”

“கேட்கலாம். ஆனா நீங்க நகர்ந்தீங்கன்னு நீங்களே சொன்னா யாரு நம்புவா? பழைய இடத்துல உங்க வீடு இருந்ததுக்கு ஏதாவது வேணும். எடுத்துட்டு வராம விட்டது. அங்கேயே ஊனிப்போனது. பத்திரத்துல இருக்கிற அளவுக்கு அது பொருந்தணும்.”

பலகை வந்துவிட்டது. கூரை வந்துவிட்டது. கிணற்றின் செங்கல்லைக்கூடக் கழற்றிக் கொண்டுவந்து கிழக்கே கட்டிக்கொண்டார்கள். கல்லுக்காரர் தலையைச் சொறிந்தார். தீவில் ஒரு ஆணியைக்கூட விட்டுவிட்டு வருகிற வழக்கம் இல்லை. அவ்வளவு சிக்கனக்காரர்கள் என்று அதுவரை பெருமையாக இருந்தது.

இந்தப் பேச்சுக்கு நடுவே அவருடைய மனைவியும் ரேடியோவும் வலைக்காரரும் வந்து நின்றிருந்தார்கள். எதுவரை கேட்டார்கள் என்று தெரியவில்லை. ரேடியோ முதன்முறையாக வாயைத் திறக்காமல் நின்றான். அதிலிருந்தே எல்லாம் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது.

“மாப்ள, அந்தப் பத்து தப்படி,” என்று ஆரம்பித்தார் கல்லுக்காரர்.

“நூத்தி முப்பதுதான் அத்தான். நான் அன்னிக்கே எண்ணிட்டுத்தான் வந்தேன்.”

“நீ திமிங்கலமில்ல சொல்லிட்டு வந்தே?”

“வாய் அது பாட்டுக்குச் சொல்லும். எண்ணுறது வேற ஆளு.”

“அப்ப ஏண்டா சொல்லல?”

“சொன்னா அக்கா அடுப்பை என் நிலத்துல வச்சிருக்கான்னு ஆகும். அப்புறம் நான் எங்க சாப்பிடுறது?”

அக்கா தம்பியை அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, சர்வேயரம்மா பக்கம் திரும்பி, “அடுப்படித் தரை,” என்றாள்.

“என்னம்மா?”

“எங்கப்பா போட்ட தரை. மொதல் வீட்டுல. சிமெண்டுல முட்டி ஆழத்துக்குப் போட்டுட்டாரு. பேர்த்துப் பார்த்தாங்க, வரல. ‘கெடக்கட்டும் சனியன்’னு விட்டுட்டு வந்தோம். அடுப்பு மேடையோட கெடக்கு. தண்ணி வத்துறப்ப இந்த வலைக்காரர் வலை அதுலதான் மாட்டும்.”

“ம்,” என்றார் வலைக்காரர். அந்த ‘ம்’முக்கு, அறுபது வலை கிழிந்திருக்கிறது என்று பொருள்.

சர்வேயரம்மா மணி பார்த்தார். இரண்டே கால். தண்ணீர் அடியோடு வற்றியிருக்கும் நேரம். இனிமேல் ஏறும். அவர் எழுந்த வேகத்தில் தொப்பி பறந்தது. “கல்லு மொதல்ல இருந்த இடத்துல இருந்து தெக்க நாப்பது, கிழக்க பதினஞ்சு. அந்த இடத்துல தரை இருக்குன்னு அளந்து காட்டிட்டா நான் எழுதி அனுப்புறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. எனக்கே இது சரியான்னு தெரியல. என் வேலை போனாலும் போகும். ஒரு ஆள் அங்க போய்க் கோலைப் பிடிச்சுட்டு நிக்கணும். ரெண்டு நிமிஷம் அசையாம.”

கோல் என்றது ஆளைவிட உயரமான சிவப்பு வெள்ளைக் கம்பு. அதன் இடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி வட்டத்துக்குள் நின்றால் கோல் நேராக நிற்கிறது என்று அர்த்தம். உச்சியில் இன்னொரு வெள்ளைக் காளான்.

“நான் கை தூக்கியிருந்தா அப்படியே நில்லுங்க. கையை இறக்கிட்டா ஆச்சுன்னு அர்த்தம்.”

யார் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. கல்லுக்காரர் கோலை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். ரேடியோ படகைத் தள்ளினான். உள்ளே சுருண்டு கிடந்த உதவியாளர் ஒரு கண்ணைத் திறந்து, கரை வந்துவிட்டதா என்று கேட்டு, எதிர்த்திசையில் போவதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கூட வந்த வலைக்காரர் கையைக் காட்டிய இடத்தில் கல்லுக்காரர் இறங்கினார். தண்ணீர் இடுப்பளவு. காலால் துழாவினார். மணல், மணல், ஒரு சிப்பி, மணல். கரையில் தீவே திரண்டு நின்றது. இன்னும் இடதுபக்கம் என்று மனைவி கத்தினாள். வலதுபக்கம் என்று வேறொரு குரல் வந்தது. அவருக்கு எது யாருடைய இடது என்று விளங்கவில்லை. ஒரு இடத்தில் பாதம் வழவழவென்று எதன்மேலோ வழுக்கியது. நின்றார். பெருவிரலால் தடவிப் பார்த்தார். நேரான ஒரு விளிம்பு. அங்கிருந்து ஒரு சாண் உயரத்தில் மேடை. மேடையின் மூலையில் ஒரு குழி. கல்லுக்காரருக்குக் கல்யாணமான புதிதில், சிமெண்டு காய்வதற்குள் ஆடு மிதித்து அந்தக் குழி விழுந்தது என்று மாமனார் புலம்பிக்கொண்டே இருப்பார். அந்தக் குழியில் குதிகால் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

முன்னூற்றுச் சொச்சம் தப்படி நடந்து வந்த பிறகு, இங்கேயேதான் இருந்திருக்கிறோம் என்றும் தோன்றியது; இங்கே ஒருநாளும் இருந்ததே இல்லை என்றும் தோன்றியது. எது வீடு, தரையா, தாளா, அதோ கரையில் பலகை பலகையாக நிற்கிறதே அதுவா? கல்லுக்காரர் அதை யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே குமிழி வட்டத்தை விட்டு ஓடிவிட்டது. கோலை நிமிர்த்தினார்.

கரையில் சர்வேயரம்மாவின் கை உயர்ந்தது.

குமிழி வட்டத்துக்குள் வந்தது. அலை ஒன்று முழங்கையை இடித்தது, குமிழி போயிற்று. மறுபடி வந்தது. தண்ணீர் திரும்பத் தொடங்கிவிட்டது என்பது இடுப்பில் தெரிந்தது. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. தரையின் ஓரத்தில் அடிமணல் கரைந்து போகிற உணர்வு பாதத்தின் வெளிப்பக்கத்தில் கூசியது. தரை லேசாகச் சாய்கிறதா, தான் சாய்கிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். கூச்சலெல்லாம் நின்றிருந்தது. அவ்வளவு பேருக்கும் நடுவே ஒரே ஒரு கை மட்டும் வெயிலில் தூக்கியபடி இருந்தது, இறங்கவில்லை. கீழே, தெளிந்த தண்ணீரில், கட்டைவிரல் அளவு மீன்கள் நாலைந்து அடுப்பு மேடையின் விளிம்பில் வரிசையாக வந்து, அவருடைய கால் குறுக்கே இருப்பதைப் பார்த்து ஒரு நொடி நின்று, சுற்றிக்கொண்டு உள்ளே போயின.